வால்மார்ட்டின் விலை எங்கே குறைகிறது? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

சரக்குவண்டி:
வால்மார்ட்டைப் பற்றி வியூக ஆய்வு எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே "குறைந்த விலை" என்று எழுதிவிடுகிறோம். எம்.பி.ஏ. படிக்கும்போது நானும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் அமெரிக்காவில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்து பென்டன்வில்லில் வேலை கிடைத்தது. வால்மார்ட்டின் தலைமையகம் இருக்கிற ஊர். அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். விலை என்பது கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற விஷயம், வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று அங்கேதான் புரிந்தது.

எங்களுக்குப் பொழுது விடிவதே ரீடெய்ல் லிங்க் என்ற வால்மார்ட்டின் விற்பனைக் கணக்குத் திரையில்தான். நேற்று எந்தக் கடையில் எங்கள் சோப்பு எத்தனை விற்றது, இன்னும் எத்தனை கையிருப்பு என்று கடை வாரியாகக் காட்டும். மற்ற கடைக்காரர்கள் விற்பனைக் கணக்கைப் பூட்டி வைத்திருந்த 1990-களிலேயே வால்மார்ட் அதைச் சப்ளையர்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை, ஒரே பகுதியைச் சேர்ந்த கடைகளில் மட்டும் எங்கள் சோப்பின் இருப்பு இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் அனுப்பிய லோடு வால்மார்ட்டின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் கடைக்குப் போகவில்லை. தேடிப் பார்த்தால் எங்கள் அட்டைப்பெட்டியில் பார்கோடு மங்கலாக அச்சாகியிருந்தது. ஸ்கேனர் படிக்காததால் பெட்டிகள் கன்வேயரிலிருந்து ஒதுங்கிக் கிடந்தன. ஆளைப் போட்டு ஒவ்வொன்றாக லேபிள் மாற்றி ஒட்டினோம். அன்றுதான் கிடங்கின் வேகத்தை நேரில் பார்த்தேன். ஒரு வாசலில் இறங்கும் பெட்டி, தட்டில் ஏறாமலேயே, எதிர் வாசலில் நிற்கும் கடை லாரிக்குள் போய்விடுகிறது. கிடங்கில் தூங்காத சரக்குக்கு வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை.

இதன் வேர் பழையது. 1962-இல் வால்மார்ட், கேமார்ட், டார்கெட் என்ற மூன்று மலிவு விலைக் கடைகளுமே தொடங்கின. கேமார்ட் பெரிய நகரங்களைப் பிடித்தது. வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன், ஆர்க்கன்சாஸின் ராஜர்ஸ் போன்ற சின்ன ஊர்களுக்குப் போனார். அங்கே சரக்கு கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை, அதனால் சொந்தக் கிடங்கும் சொந்த லாரியும் தேவைப்பட்டன. முதலில் விநியோக மையம், பிறகு அதிலிருந்து ஒரு நாள் லாரி ஓட்டத்துக்குள் கடைகள் என்று ஊர் ஊராக நிரப்பிக்கொண்டே போனார். கேமார்ட் 2002-இல் திவால் மனு கொடுத்தது.

இன்னொன்று, தினமும் ஒரே குறைந்த விலை. தள்ளுபடி போட்டால் ஒரு வாரம் கூட்டம் அள்ளும், அடுத்த வாரம் ஈ ஓட்டும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி தொழிற்சாலை, லாரி, ஆள் எல்லாவற்றையும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். விலை அசையாமல் நின்றால் விற்பனையும் ஓரளவு அசையாது, லாரி நிறைந்து ஓடும். ஆய்வுகளில் இதை ஒரு விளம்பர உத்தி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். அதே சமயம் இந்த ஒழுங்கின் பாரம் சப்ளையர் தோளில்தான் ஏறுகிறது. குறித்த நேரத்தில், குறித்த அளவில் சரக்கு வராவிட்டால் அதன் மதிப்பில் 3% பிடித்தம் என்ற விதி 2017-இல் வந்தது. சின்ன கம்பெனிக்கு அது பெரிய அடி.

ரைன்கரை:
அண்ணா, ஜெர்மனியையும் சேர்த்துப் பாருங்கள். நான் அங்கே படித்த காலத்தில் ஆல்டி என்ற அந்த ஊர் மலிவு விலைக் கடையில்தான் சாமான் வாங்குவேன். பால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், பல பக்கங்களிலும் பார்கோடு இருக்கும். கேஷியர் தேடவே வேண்டாம், இழுத்தால் போதும். பெட்டியின் மேல்பக்கத்தைக் கிழித்து அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆயிரத்துச் சொச்சம் வகைப் பொருள்தான், பெரும்பாலும் சொந்த பிராண்டு. வகை குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் மலைபோல வாங்கி விலையை இறக்கிவிடுகிறார்கள்.

அந்த ஊரில் போய் வால்மார்ட் 1997-இல் வெர்ட்காஃப் என்ற ஜெர்மன் கம்பெனியின் 21 கடைகளையும், அடுத்த வருடம் 74 இன்டர்ஸ்பார் கடைகளையும் வாங்கியது. நீங்கள் சொன்ன கிடங்கைச் சுற்றிக் கடை என்ற அமைப்பு அங்கே இல்லை. நாடு முழுக்கச் சிதறிய, யாரோ கட்டிய கடைகள். ஊழியர்கள் வாசலில் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்றதைத்தான் எல்லாரும் தோல்விக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகவே படுகிறது. பால், வெண்ணெய் போன்றவற்றை அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2000-இல் போட்டி ஒழுங்கு ஆணையம் தடுத்துவிட்டது. விலையாலும் ஜெயிக்க முடியவில்லை, சரக்கு ஓட்டத்தாலும் முடியவில்லை. 2006-இல் மீதமிருந்த 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் சில்லறை வணிகக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

கரும்பலகை:
மாணவர்களோடு இதைப் பேசும்போது மெக்சிகோவையும் பக்கத்தில் வைப்பேன். அங்கே 1991-இல் சிஃப்ரா என்ற உள்ளூர்ச் சில்லறை வணிகக் கம்பெனியோடு கூட்டாகத்தான் நுழைந்தார்கள், 1997-இல்தான் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார்கள். அதன் கடைகளுக்கு இருந்த போடேகா அவுரேரா என்ற உள்ளூர்ப் பெயரையும் மாற்றவில்லை. சரக்குவண்டி சார், ஒரு கேள்வி. இணைய விற்பனை வந்த பிறகு இந்தச் சின்ன ஊர்க் கடைகள் சுமையாகிவிடவில்லையா?

சரக்குவண்டி:
நான் பார்த்தவரை இல்லை சார். அமெரிக்கர்களில் 90% பேர் ஏதாவது ஒரு வால்மார்ட் கடையிலிருந்து 10 மைலுக்குள் இருக்கிறார்கள். போன முறை போனபோது, வாடிக்கையாளர்களுக்கு நடுவே ஊழியர்கள் பல தட்டுகள் வைத்த உயரமான வண்டியைத் தள்ளிக்கொண்டு, கைக்கருவியைப் பார்த்துப் பார்த்து இணைய ஆர்டர்களுக்குப் பொருள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சோப்பில் நாலைந்து ஒரே நேரத்தில் அப்படிப் போனது. கடையின் பக்கவாட்டில் கார்கள் வரிசையாக டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன.