தேர்தலுக்குப் பிந்தைய வாக்காளர் ஆய்வு: செட்டிநாட்டின் பூட்டிய வீடுகளை எப்படிக் கணக்கில் கொள்வது?

கேள்வி: ஆய்வு மாணவி, காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். நான் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்த பிறகு, செட்டிநாட்டு வாக்காளர்கள் யாருக்கு வாக்களித்தார்கள், எப்போது முடிவு செய்தார்கள், ஆட்சியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், வாக்களிக்காதவர்கள் ஏன் வாக்களிக்கவில்லை என்பவற்றைக் கேட்டறியும் ஆய்வொன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். செட்டிநாடு தேர்தல் வரைபடத்தில் தனி அலகாக இல்லாததால், காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளை எடுத்துக்கொண்டேன். அவை இரண்டு மாவட்டங்களில் இருந்தாலும் மூன்றும் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன. 40 வாக்குச்சாவடிகள், சாவடிக்கு 20 பேர், மொத்தம் 800 பேர் என்பது என் திட்டம். வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறேன்.

முன்னோட்டமாகப் பட்டியலின் ஒரு பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பகுதியில்) முயன்று பார்த்தபோது, தேர்ந்தெடுத்த 20 பேரில் ஏழு பேரின் வீடுகள் பூட்டியிருந்தன. சில வீடுகளில் ஒரே கதவு எண்ணில் நான்கைந்து குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. எங்கள் களப்பணியாளர் நல்ல எண்ணத்தில், பூட்டிய வீடுகளுக்குப் பதிலாகப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களைக் கேட்டு 20 படிவங்களையும் நிரப்பிக் கொண்டுவந்துவிட்டார். இப்படி மாற்றிக்கொள்வது சரியா? அடுத்ததாக, ஆட்சியில் திருப்தியா என்ற கேள்விக்குப் பாதிப் பேர் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? வாக்குக்குப் பணம் பெற்றது பற்றி எப்படிக் கேட்பது? களப்பணியை வாக்கு எண்ணிக்கைக்கு முன் முடிக்க வேண்டுமா, பின் தொடங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், தேவகோட்டை

அம்மா, பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதென்று முடிவு செய்ததே நல்ல தொடக்கம். தில்லியிலுள்ள வளர்நிலைச் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவும் தேசியத் தேர்தல் ஆய்வுகளில் இந்த முறையையே கையாண்டு வருகிறது. ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டைத் தட்டுவது, தொடங்கிய வேலையை நாமே கெடுத்துக்கொள்வதாகும். அந்த ஏழு பேருக்கும் தெரிவாகும் வாய்ப்பு மற்றவர்களைப் போலவே இருந்தது. அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களோ வீட்டில் இருந்தார்கள் என்ற ஒரே காரணத்தால் நுழைந்தவர்கள். வீட்டில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் தேர்தலில் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்று நம்புவதற்கு, அதிலும் நம் ஊர்ப் பக்கத்தில், எந்த அடிப்படையும் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். தேர்ந்தெடுத்த 20 பெயர்களில் நால்வர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்து வாக்களிக்க வரவில்லை, மீதி 16 பேரில் 14 பேர் வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலின்படி வாக்குப்பதிவு 70 விழுக்காடு. நீங்கள் சந்தித்தவர்களிடையே அது 87.5 விழுக்காடு. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஆனாலும் உங்கள் ஆய்வு அரசின் கணக்கைவிட 17.5 புள்ளி அதிகம் காட்டுகிறது. இந்த இடைவெளி முழுவதையும் "மக்கள் வாக்களித்ததாகப் பொய் சொல்கிறார்கள்" என்று எழுதிவிட்ட ஆய்வேடுகளை நான் படித்து வருந்தியிருக்கிறேன். எனவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொடர்புத் தாள் இருக்கட்டும்: பேட்டி முடிந்தது, மறுத்தார், மூன்று முறை போயும் காணவில்லை, வெளியூரில் இருக்கிறார், வெளிநாட்டில் இருக்கிறார், இறந்துவிட்டார், அப்படி ஒருவரையே தெருவில் யாருக்கும் தெரியவில்லை என்று பிரித்துக் குறியுங்கள். பூட்டிய கதவும் உங்களுக்கு ஒரு தரவுதான்.

அடுத்து, 40 சாவடிகளில் 20 பேர் என்பதை 80 சாவடிகளில் 10 பேர் என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரே சாவடிக்காரர்கள் ஒரே தெரு, ஒரே தொழில், பெரும்பாலும் ஒரே சமூகம். ஆதலால் இருபதாவது ஆள் புதிதாகச் சொல்வது குறைவு. அந்த ஒற்றுமையின் அளவை 0.05 என்று எடுத்துக்கொண்டால், 20 பேர் கொண்ட திட்டத்தில் முடிவின் சிதறல் (மாறுபாட்டளவு) 1.95 மடங்காகிறது, உங்கள் 800 பேர் ஏறத்தாழ 410 பேருக்குச் சமமாகிவிடுகிறார்கள். 10 பேர் கொண்ட திட்டத்தில் அதே 800 பேர் 550 பேருக்குச் சமம். சாவடிகளை வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்களை எடுத்தால், ஒரு தொகுதிக்குள் எல்லா வாக்காளர்களுக்கும் சம வாய்ப்பு அமையும். 1,000 பெயர்கள் உள்ள சாவடியில் 10 பேர் என்றால் நூற்றுக்கு ஒருவர். தொடக்க எண்ணைக் குலுக்கலில் எடுங்கள், 37 வந்தால் 37, 137, 237 என்று போகலாம். அந்தத் தொடக்க எண் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது.

மறுமொழி 2: களப்பணியாளர், புதுவயல்

வணக்கம். நான் பல ஆண்டுகளாகப் பேட்டி எடுப்பவள். ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய வீட்டின் முன் வெயிலில் நிற்பவரின் நிலையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முன்பு ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்தபோது, ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு வைத்துத்தான் கூலி கொடுத்தார்கள். அதனால் என்னுடன் வந்த பிள்ளைகளில் சிலர் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு இன்றும் அது மனக்குறைதான். நீங்கள் நாள் கூலியாகக் கொடுங்கள்; "ஆள் இல்லை" என்று உண்மையாக எழுதிய தாளுக்கும் பேட்டி எடுத்த படிவத்துக்கும் ஒரே மதிப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால்தான் ஆள் மாற்றுவது நிற்கும்.

பூட்டிய வீடு என்பது எப்போதும் வாக்களிக்காத வீடு என்று பொருளாகாது. சென்னையிலிருந்து முதல் நாள் இரவு பேருந்து ஏறி வந்து, காலையில் வாக்களித்துவிட்டு, உறவினர் வீட்டில் சாப்பிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். நீங்கள் பத்து நாள் கழித்துப் போனால் அவர்களைக் காணவே முடியாது. ஆதலால் முதல் சுற்றை வாக்குப்பதிவுக்கு மறுநாளே தொடங்குங்கள். பெரிய வீடுகளில் காவலுக்கு இருப்பவரிடமோ, பங்காளி வீட்டு ஆச்சியிடமோ தொலைபேசி எண் இருக்கும். உங்கள் அடையாள அட்டையையும் கடிதத்தையும் காட்டி, அவர்கள் வழியாகவே முதலில் பேசச் சொல்லுங்கள். எண்ணை நேரடியாகக் கேட்டால் தரமாட்டார்கள், தராமல் இருப்பதும் நியாயமே. ஊரில் இல்லாதவர் எங்கே இருக்கிறார், வந்து போனாரா என்பது வரை பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாம். யாருக்கு வாக்களித்திருப்பார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கதவு எண் குழப்பத்துக்கு வீட்டின் அமைப்பே காரணம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். உள்ளே வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குப் பிரிந்து, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அடுப்பு இருக்கும். பட்டியலில் எல்லாருக்கும் ஒரே எண். எனவே எண்ணை வைத்துத் தேடாமல், பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பங்கில் பூட்டு தொங்கினால் வீடே பூட்டியிருப்பதாக எழுதிவிட வேண்டாம். பின்தெருவுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

செட்டிநாடு என்றவுடன் நகரத்தார் வீதிகளை மட்டும் நினைத்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை செய்பவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. இந்த வீடுகளும் காலை பத்து மணிக்குப் பூட்டித்தான் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். மருமகளிடம் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதையும் படிவத்தில் குறிக்க ஒரு கட்டம் வையுங்கள்.

"பரவாயில்லை" பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் மொழியில் அந்தச் சொல் நல்லதற்கும் வரும், சகித்துக்கொண்டதற்கும் வரும், பேச்சை முடித்துக்கொள்வதற்கும் வரும். அதை "ஓரளவு திருப்தி" என்று நாமே குறித்துவிடுவது பெரும் தவறு. உங்கள் படிவத்தில் "நடப்பு அரசின் செயல்பாடுகளில் தாங்கள் எந்த அளவு திருப்தி கொண்டுள்ளீர்கள்" என்று இருந்தால், களப்பணியாளர் ஒவ்வொருவரும் அதை வீட்டு வாசலில் தம் வாய்மொழியில் மாற்றித்தான் கேட்பார். 800 பேரிடம் 800 விதமாகக் கேள்வி போகும். பேச்சு வழக்கிலேயே அச்சிடுங்கள். "இந்த அஞ்சு வருஷ ஆட்சி உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா, இல்லையா?" என்பது முதல் கேள்வி, பதில் வந்த பிறகு "ரொம்பவா, ஓரளவா?" என்பது இரண்டாவது. அப்போதும் "பரவாயில்ல" என்றால் "நல்லாருக்குன்னு சொல்றீங்களா, இன்னும் நல்லாருக்கலாம்னு சொல்றீங்களா?" என்று ஒரே ஒருமுறை கேட்கலாம். அதற்கும் அதே பதில் வந்தால், அந்தச் சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்கு வாக்களித்தார் என்பதை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மறைவாகக் குறியிட்டு மடித்து, பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். வாசலில் தயங்கி நின்ற பல பெண்கள் பெட்டியைக் கண்டதும் இயல்பாகச் சீட்டை வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3: வழக்கறிஞர், திருப்பத்தூர்

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126ஏ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குக் கணிப்பு (எக்ஸிட் போல்) நடத்தி முடிவு வெளியிடுவதைத் தடை செய்கிறது. வாக்காளர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பது குறித்த கருத்தாய்வு என்று அச்சட்டம் தரும் விளக்கத்துக்குள் உங்கள் ஆய்வும் வந்துவிடக்கூடும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்தாலும், அதே அட்டவணையில் உள்ள பிற மாநிலங்களின் கடைசிக் கட்டம் வரை தடை நீளும். 2024-இல் நமக்கு ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தும் தடை ஜூன் 1 மாலை வரை இருந்தது. எனவே களத்தில் இறங்குமுன் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுதி விளக்கம் பெறுங்கள். பெட்டியைத் தடைக்காலம் முடியும் வரை திறக்காதீர்கள். இடைக்கால முடிவு என்று ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்றி வாங்குவதும் குற்றம் என்பதால், அந்தக் கேள்வி உள்ள படிவத்தில் பெயரோ பட்டியல் எண்ணோ இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: ஆய்வு மாணவி, காரைக்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்னோட்டத்தின் 20 படிவங்களில் ஆள் மாற்றி நிரப்பிய ஏழையும் நீக்கிவிட்டேன். அந்த ஏழு பெயர்களுக்கும் மீண்டும் செல்ல இருக்கிறோம். புதுவயல் அம்மா சொன்னபடி கேள்விகளைப் பேச்சு வழக்கில் மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். வாக்களித்ததாகச் சொல்பவர் உண்மையில் வாக்களித்தாரா என்பதைச் சரிபார்க்க வழியுண்டா? பணம் பற்றிக் கேட்க, ஒரு பாதியினருக்கு நான்கு நிகழ்ச்சிகளும் மறு பாதியினருக்குப் பணம் பெற்றதையும் சேர்த்து ஐந்து நிகழ்ச்சிகளும் கொண்ட பட்டியலைக் காட்டி, எவை என்று கேட்காமல் எத்தனை நடந்தன என்று மட்டும் கேட்டு, இரு சராசரிகளின் வேறுபாட்டைக் காணும் முறையைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், தேவகோட்டை

முதல் ஐயத்துக்கு நம் நாட்டில் கைமேல் சான்று உண்டு. இடக்கை ஆள்காட்டி விரலில் வைக்கும் மை, தோலில் சில நாட்களில் மங்கினாலும் நகத்தில் சில வாரங்கள் நிற்கும். நகம் வளர வளரக் கறையும் மேலே போய்விடுமாதலால், புதுவயல் அம்மா சொன்னதுபோல் மறுநாளே தொடங்குவது இதற்கும் உதவும். ஆனால் விரலைக் காட்டுங்கள் என்று கேட்பது விசாரணை போலாகிவிடும். மாதிரி வாக்குச்சீட்டை வாங்கும்போது விரல் தானாகவே தெரியும். கண்டதைக் களப்பணியாளர் "மை தெரிந்தது, தெரியவில்லை, பார்க்க முடியவில்லை" என்று குறித்துக்கொண்டால் போதும். இவ்வாறு குறிக்கப்போவதைத் தொடக்கத்தில் ஒப்புதல் கேட்கும்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பணம் பற்றி நீங்கள் சொன்ன நிகழ்ச்சிப் பட்டியல் முறை நேர்மையான முறைதான், ஆனால் விலை அதிகம். விடைகளின் திட்ட விலகல் ஒன்று என்று கொண்டால், 400 பேர், 400 பேர் எனப் பிரித்து வரும் வேறுபாட்டில் பிழையெல்லை ஏறத்தாழ 14 விழுக்காட்டுப் புள்ளிகள் இரு பக்கமும் இருக்கும். ஒரே சாவடிக்காரர்களின் ஒற்றுமையையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் விரியும். 30 விழுக்காடு என்று விடை வந்தால், 16 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம். மூன்று தொகுதிகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லலாம். தொகுதிவாரியாகவோ, ஆண் பெண் என்றோ பிரித்துச் சொல்லக் கூடாது. "உங்கள் தெருவில் கொடுத்தார்களா?" என்ற பொதுவான கேள்வியையும் தனியாக வையுங்கள், அது வேறொன்றை அளக்கிறது என்பதை மறவாமல் எழுதுங்கள்.

களப்பணியை எண்ணிக்கைக்கு முன் கட்டாயம் முடித்துவிடுங்கள். முடிவு தெரிந்தபின் வென்றவருக்கே வாக்களித்ததாகச் சொல்வோர் கூடிவிடுவார்கள். எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்னும் அதிகாரபூர்வ முடிவுத் தாளில் சாவடிவாரி முடிவுகள் வெளிவரும். உங்கள் சாவடிகளின் உண்மையான வாக்குகளோடு பெட்டியிலிருந்த சீட்டுகளைச் சாவடி சாவடியாக அன்றி, எல்லாச் சாவடிகளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பத்துச் சீட்டுகளை வைத்து ஒரு சாவடியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தொலைபேசியில் எடுத்த பேட்டிகளில் பெட்டி இல்லையாதலால் அவற்றைத் தனிக் குறியீட்டில் வையுங்கள். தொடர்புத் தாள் நகலை எனக்கு அனுப்பினால், கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.