வெர்னியரும் மைக்ரோமீட்டரும் ஒத்து வரலை, உதவுங்க

சுழல்தண்டு:
ஒரே ஷாஃப்ட் (உருளைத் தண்டு). திருகி அளக்கிற மைக்ரோமீட்டர்ல 24.98 மி.மீ., ரெண்டு தாடையால பிடிச்சு அளக்கிற வெர்னியர் காலிப்பர்ல 24.88. வெர்னியர்ல 0.02னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி? எது தப்பு? கொஞ்சம் அவசரம்.

அளவுக்கட்டை:
வெர்னியர்ல எத்தனை கோடு? தாடையை மூடினா பூஜ்யம் சேருதா? ஷாஃப்டை நுனியில பிடிச்சீங்களா, உள்ளே தள்ளியா?

நீலமை:
மைக்ரோமீட்டரோட பூஜ்யத்தையும் பாருங்க. ராச்செட்டை (அழுத்தம் மீறாம தடுக்கிற நுனித் திருகு) திருகித்தானே பிடிச்சீங்க?

வெப்பமானி:
சூடுதான் காரணம். அளவெல்லாம் 20 டிகிரிக்குச் சொல்றது. லேத்துல இருந்து எடுத்த கையோட அளந்திருப்பீங்க.

மூத்த ஃபிட்டர்:
கணக்குப் போட்டுட்டு எழுதுங்க தம்பி. எஃகு ஒரு மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மி.மீ.யில ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) விரியும். 25 மி.மீ.க்கு 10 டிகிரி ஏறினா 0.003. இங்க தள்ளுறது 0.10. கேட்டவரும் அடிப்படையைப் படிக்கணும்: நகரும் சின்ன அளவுகோல்ல 49 மி.மீ.யை 50 பங்கு போட்டா ஒரு பங்கு 0.98, பெரிய அளவுகோலோட ஒரு மி.மீ.ல கழிச்சா 0.02. கோடு பிரிச்சுக் காட்டுற அளவு அது, அவ்வளவுதான். பிடிக்கிற பிடி தப்பினா அது காப்பாத்தாது.

வெப்பமானி:
60 டிகிரி கூட இருந்தா 0.017 வரும். கிட்டத்தட்ட ஒரு கோடு.

மூத்த ஃபிட்டர்:
சூடான ஷாஃப்ட் பெருசாத்தான் காட்டும். இவருக்கு வெர்னியர் குறைச்சுக் காட்டுது.

சுழல்தண்டு:
50 கோடு. ரெண்டுலயும் பூஜ்யம் சரி. நுனியிலதான் பிடிச்சேன்.

அளவுக்கட்டை:
அதான். அளவுகோல் மேலே சட்டத்துல (நீளப் பட்டை), ஷாஃப்ட் கீழே தாடை நுனியில. கட்டைவிரலால அழுத்தினா நகரும் தாடை சாயும், நுனி விரியும், ஸ்லைடர் (அந்தத் தாடையோட சேர்ந்து நகரும் பாகம்) கூடுதலா உள்ளே போகும். அதனால அளவு குறையும். மைக்ரோமீட்டர்ல ஸ்பிண்டிலும் (பொருளைத் தொடுற தண்டு) அளவும் ஒரே நேர்கோடு, அந்தத் தொல்லை கிடையாது.

தாடையைத் துடைச்சு, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. நுனியில மட்டும் வெளிச்சம் வந்தா தேய்மானம். வரலைன்னா ஸ்லைடர் மேல இருக்கிற ரெண்டு சின்னத் திருகையும் முழுசா இறுக்கி, எட்டுல ஒரு சுத்து தளர்த்துங்க. அப்புறம் ஷாஃப்டைச் சட்டத்துப் பக்கம் தள்ளி, தொட்டும் தொடாம அழுத்தி அளங்க. ரெண்டு மூணு கோடு சேர்ந்த மாதிரித் தெரியும். நேர் மேலிருந்து பாருங்க: எந்தக் கோட்டுக்கு இடமும் வலமும் இருக்கிற கோடுகள் சம அளவு விலகி நிக்குதோ, அதுதான் சேர்ந்த கோடு.

சுழல்தண்டு:
திருகு லூஸ். இப்ப 24.96. வெளிச்சம் வரலை. நன்றி.

மூத்த ஃபிட்டர்:
இன்னும் ஒரு கோடு வித்தியாசம், வெர்னியர்ல அது சகஜம். டாலரன்ஸ் (அனுமதிச்ச வித்தியாசம்) எவ்வளவு? 0.02, 0.03 மி.மீ.தான்னா மைக்ரோமீட்டர் அளவையே எடுங்க.