பூனைச் செள்ளு வீடு முழுக்கப் பரவிவிட்டது, உடனே யாராவது சொல்லுங்கள்

இடைக்கோடு_வீடு (திங்கள், மாலை 6.10)
ஒரு மாதமாகச் செள்ளுத் தொல்லை, பூனை மயிருக்குள் இருந்து இரத்தம் குடிக்கிற, குதிக்கிற சின்னப் பூச்சி. பூனையை இரண்டு தடவை குளிப்பாட்டியாகிவிட்டது, தரையை ஃபினாயில் விட்டுத் துடைத்தாகிவிட்டது, மருந்தும் போட்டாகிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. வீட்டை ஒட்டிய சாய்ப்புக்குள் கால் வைத்தால் கணுக்காலில் பத்து இருபது ஏறுகிறது. அம்மாவுக்குக் கால் முழுக்கத் தடிப்பு. செள்ளுப்பனி என்கிற காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். இதைவிட நல்ல மருந்து எது?

மூன்றுபூனை (6.18)
என்ன மருந்து போட்டீர்கள்? பெயர் சொல்லுங்கள். பூனைக்கு எத்தனை வயது? ஒரு பூனையா, பலவா?

பழஞ்சோறு (6.25)
வேப்பெண்ணெய் தடவுங்கள் அக்கா. அதோடு சாய்ப்பில் குந்திரிக்கப் புகை போட்டுக் கதவை ஒரு மணி நேரம் அடைத்து வையுங்கள். எங்கள் ஆச்சி காலத்திலிருந்து இதுதான்.

தென்னந்தோப்பு (6.40)
இதே கேள்விக்கு இங்கே நான் பத்துத் தடவையாவது எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்திருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது. பூனையின் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் உங்கள் வீட்டில் கிடக்கிறது. ஒரு பெண் செள்ளு நாளைக்கு 40, 50 முட்டை வரை போடும். முட்டை மயிரில் ஒட்டாது, பூனை படுக்கிற இடத்திலெல்லாம் உதிரும். பூனையை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்?

பாறசாலைக்காரன் (6.52)
தரை என்ன தரை? டைல்ஸா, சிமெண்டா, சாணம் மெழுகியதா? சாய்ப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் விறகு அடுக்கியிருந்த மூலையில்தான் இருந்தது.

கால்நடை_மாணவி (7.05)
எல்லாவற்றுக்கும் முன்னால் மருந்தின் பெயர் வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். கடையில் "செள்ளுக்கு" என்று கேட்டு வாங்கியதா?

இடைக்கோடு_வீடு (7.31)
மாட்டுத் தீவனக் கடையில் வாங்கியது. நாய்ப் படம் போட்ட பவுடர். பெர்மெத்ரின் என்று இருக்கிறது. நேற்று ராத்திரி தாய்ப் பூனைக்கு நன்றாகத் தேய்த்தோம். குட்டிகள் நான்கு, 5 வாரம். சாய்ப்பில் தேங்காய்த் தொண்டு (உரித்த மட்டை) குவித்திருக்கிறோம், அதன் மேல்தான் குட்டி போட்டது. பழைய சிமெண்ட் தரை, நிறைய வெடிப்பு. பூனைக்கு மத்தியானம் முதல் காது துடித்துக்கொண்டே இருக்கிறது. செள்ளு கடிக்கிறது என்று நினைத்தோம்.

கால்நடை_மாணவி (7.33)
அக்கா, அது செள்ளுக்கடி இல்லை. பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாயின் ஈரல் அதை உடைத்துவிடும், பூனையின் ஈரலால் முடியாது. காது துடிப்பு, எச்சில் வடிதல், உடல் நடுக்கம், அப்புறம் வலிப்பு என்று போகும். இப்போதே வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டு, தோல் வரை நன்றாகக் கழுவுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம். ஏற்கெனவே நடுக்கம் பலமாக இருந்தால் கழுவுவதில் நேரம் போக்காமல் கிளம்புங்கள். துடைத்து, துணியில் சுற்றி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். வாயில் பாலோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள், அவற்றின் மேலும் பவுடர் ஒட்டியிருந்தால் கழுவுங்கள்.

மூன்றுபூனை (7.36)
மற்றதெல்லாம் நாளைக்குப் பேசலாம். முதலில் போங்கள் அக்கா.

மலையோரம் (8.20)
எங்கள் தொழுவத்தில் மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்து இருக்கிறது. ஒரு மூடி ஒரு வாளித் தண்ணீரில் கலந்து விட்டால் சாய்ப்பில் ஒன்றும் மிஞ்சாது. பூனைக்கும் லேசாகத் தெளித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கால்நடை_மாணவி (8.34)
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் அண்ணா. டெல்டாமெத்ரினாக இருந்தால் அதுவும் இதே குடும்பம். ஒரு தடவை தப்பியது என்பதற்காக அடுத்த தடவையும் தப்பும் என்று நம்ப முடியாது.
வேப்பெண்ணெய் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை: பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். தோலில் தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். சூடம், டீ ட்ரீ எண்ணெய், ஃபினாயில் எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம்.

பழஞ்சோறு (8.50)
ஆச்சியின் பூனை 14 வருஷம் இருந்தது. புகை போட்டால் செள்ளு போகத்தான் செய்தது.

தென்னந்தோப்பு (9.02)
புகையில் வளர்ந்த செள்ளு ஒதுங்கும், அவ்வளவுதான். புழு வெளிச்சத்துக்குப் பயந்து தரை வெடிப்பிலும் தொண்டுக்கு அடியிலும் போய்விடும். அதன் சாப்பாடே செள்ளு கழிக்கிற காய்ந்த இரத்தம். அப்புறம் கூடு கட்டும். கூட்டைச் சுற்றித் தூசி ஒட்டிக்கொள்ளும், மருந்தே உள்ளே போகாது. உள்ளே மாதக் கணக்கில் சும்மா இருக்கும், காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக் காற்றும் பட்டால் வெளியே குதிக்கும். கல்ஃபில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் மொய்க்கிறதே, அது இதனால்தான்.

பாறசாலைக்காரன் (9.15)
ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வது தெள்ளா, உண்ணியா? எங்கள் பக்கம் இரண்டுக்கும் செள்ளு என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் உண்ணி மருந்தைக் கொடுத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

மலையோரம் (9.22)
செள்ளு வேறு, உண்ணி வேறு. உண்ணி ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உருண்டையாகும். செள்ளு குதிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பாறசாலைக்காரன் (9.30)
உங்கள் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியலாம். மலையாளத்தில் செள்ளுப்பனி என்கிறோமே, அதைப் பரப்புவது செள்ளும் இல்லை, உண்ணியும் இல்லை.

தென்னந்தோப்பு (9.41)
செள்ளு கடித்து வருவதால்தானே அந்தப் பெயர்?

கால்நடை_மாணவி (10.05)
பாறசாலை அண்ணன் சொல்வது சரி. செள்ளுப்பனியைப் பரப்புவது புதர்களில் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு, மாட்டில் ஒட்டுகிற உண்ணி இல்லை. கடித்த இடத்தில் பலருக்குக் கருப்பாக ஒரு பொருக்குக் கட்டும். தெள்ளால் வருவது டைஃபஸ் என்கிற வேறொரு வகைக் காய்ச்சல், அது பெரும்பாலும் எலித் தெள்ளிலிருந்து வருவது. அம்மாவுக்கு வெறும் தடிப்பு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். காய்ச்சலோ கருப்புப் பொருக்கோ வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி, வீட்டில் பூனையும் செள்ளும் இருப்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.

தென்னந்தோப்பு (10.20)
சரி, எனக்கு இது தெரியாது. பெயரை வைத்து நான் தவறாக நினைத்திருக்கிறேன்.

மூன்றுபூனை (செவ்வாய், காலை 7.15)
இடைக்கோடு அக்கா, பூனை எப்படி இருக்கிறது? ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றுபூனை (புதன், மதியம் 1.40)
பதில் இல்லை. வந்ததும் படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன், எங்கள் வீட்டில் முடிந்தது இப்படித்தான். தொண்டு, சாக்கு, பழைய பாய் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். பூனை படுத்த துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினோம். தரை வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடைத்தோம், எனக்கு இதுதான் பாதி வேலையை முடித்தது என்று தோன்றுகிறது. தினமும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே சோப்புத் தண்ணீரில் போட்டோம். ராத்திரி தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து மேலே ஒரு சின்ன பல்பு எரிய விட்டால் வந்து விழும். ஒழிந்துவிடாது, ஆனால் எத்தனை மிச்சம் என்று தெரியும். பெரிய பூனைகளுக்கு மருத்துவர் எழுதித் தந்த, பூனைக்கென்றே உள்ள ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டோம், மாதம் ஒன்று, மூன்று மாதம். நடுவில் குறைந்துவிட்டது என்று நிறுத்தினால் கூட்டிலிருந்து வருவது மறுபடி ஏறும்.

கால்நடை_மாணவி (புதன், மதியம் 2.10)
குட்டிகளுக்கு மட்டும் வேறு வழி. 8 வாரத்துக்கு உள்ளே மருத்துவர் சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். பேன் சீப்பால் வாரி, செள்ளைச் சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். நான்கு குட்டியின் இரத்தத்தையும் இத்தனை செள்ளு குடித்தால் சோகை வந்து சாகும், நான் பார்த்திருக்கிறேன். சீப்பில் வரும் கருப்புத் தூளை ஈரத் தாளில் வைத்துப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது செள்ளு கழித்த இரத்தம். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. செள்ளை நக்கி விழுங்குவதால் வருவது, அதற்குத் தனியாக மருந்து உண்டு.

இடைக்கோடு_வீடு (வெள்ளி, இரவு 9.48)
மன்னியுங்கள், போன் பக்கமே வர முடியவில்லை. அன்று ராத்திரியே கழுவிக் கொண்டுபோனோம். வழியில் நடுக்கம் வந்துவிட்டது. இரண்டு ராத்திரி டிரிப்பில் இருந்தது. இன்று வீட்டுக்கு வந்து மீன் தின்றது. குட்டிகள் நான்கும் இருக்கின்றன, ஒன்றுக்கு மட்டும் ஈறு வெளுப்பு, மருந்து நடக்கிறது. தேங்காய்த் தொண்டு எல்லாவற்றையும் களத்தில் போட்டு எரித்துவிட்டோம். சீப்பில் முதல் நாள் நான்கு குட்டிக்குமாக 31, இன்று 9. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

மலையோரம் (10.05)
நல்லது. என் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். டெல்டாமெத்ரின்தான். இனிப் பூனைப் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

மூன்றுபூனை (10.12)
சாய்ப்பில் இன்னும் குதிக்கிறதா அக்கா? வெடிப்பை அடைத்தீர்களா?