சக்கர நாற்காலி திரும்பியதும் நாக்கின் கட்டளை மாறிவிடுகிறது – உதவி தேவை

கேள்வி:
அண்ணனுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் காயம். கை, கால் இயங்காது. நாக்கு நன்றாக இயங்குகிறது. அதனால் நாக்கில் சிறு காந்தம் ஒன்றை ஒட்டி, தலைப்பட்டையிலிருந்து இரு கன்னங்களுக்கு அருகே ஒவ்வொரு காந்த உணரி வைத்திருக்கிறேன். மேசை முன் கணினிச் சுட்டியை அருமையாக ஓட்டுகிறார். மின் சக்கர நாற்காலியில் பொருத்தி அறையைச் சுற்றினால் 'இடம்' என்பது 'வலம்' ஆகிறது. மோட்டாரின் மின் இரைச்சல் என்று நினைத்து, அதை நீக்கும் வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டேன், பயனில்லை. பேசும்போதும் கட்டளை பாய்கிறது.

பதில் 1:
மோட்டாரின் மீது பழி போடும் முன் ஒரு சோதனை. காந்தத்தை எடுத்துவிடுங்கள், மோட்டாரை அணையுங்கள், நாற்காலியைக் கையால் ஒரு முழு வட்டம் தள்ளுங்கள். அளவுகள் ஏறி இறங்கினால் காரணம் பூமிதான். அதன் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. காந்தத்தின் புலமோ தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், கன்னத்தை எட்டும்போது அதே அளவுக்கு வந்துவிடக்கூடும். நீங்கள் அண்ணனை ஒரே திசையில் உட்காரவைத்துக் கருவிக்குப் பயிற்சி கொடுத்திருப்பீர்கள்.

கேட்டவர்:
உண்மைதான், சன்னலைப் பார்த்தபடி மட்டும். சோதித்தேன்; மோட்டார் அணைந்திருந்தும் அளவுகள் மாறின. வடிகட்டிகளோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியது வீண்!

பதில் 1:
அதே தலைப்பட்டையில், வாயிலிருந்து தள்ளி உச்சந்தலையில் மூன்றாவது உணரி வையுங்கள். அதற்கு நாக்கின் அசைவு அநேகமாகத் தெரியாது, பூமியின் புலம் மட்டுமே தெரியும். அதைக் கன்ன உணரிகளின் அளவிலிருந்து கழியுங்கள். ஆனால் மூன்றின் அச்சுகளும் (அளக்கும் திசைகளும்) ஒரே பக்கம் பார்க்காது. காந்தம் இல்லாமல் பட்டையை எல்லாப் பக்கமும் திருப்பி, ஒன்றின் அளவை மற்றதன் அச்சுக்கு மாற்றும் எண் அணியைக் (matrix) கணக்கிட்ட பிறகே கழிக்க வேண்டும். மோட்டாரும் இரும்புச் சட்டமும் உண்டாக்கும் புலம் மூன்று இடங்களிலும் ஒன்றாக இருக்காது. கொஞ்சம் பிழை மிஞ்சும்.

பதில் 2:
பேச்சுச் சிக்கலுக்கு: பேசும்போது நாக்கு பெரும்பாலும் நடுக்கோட்டை ஒட்டியே அசைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவான, நாக்கால் இயக்கும் 'டங் டிரைவ்' கருவியிலும் கட்டளை இடங்களை நடுக்கோட்டிலிருந்து விலக்கியே தேர்ந்தார்கள். நாக்கு அந்த இடத்தில் நிற்கும்வரைதான் நாற்காலி நகர வேண்டும். விலகினால் நிற்க வேண்டும். அண்ணனே தொடங்கவும் நிறுத்தவும் தனிச் சைகை ஒன்றும் இருக்கட்டும்.

இன்னொன்று, பசை நாக்கில் வெகுநேரம் நிற்காது. காந்தத்தில் மெல்லிய நூல் கட்டி, அதன் மறுமுனையை வாய்க்கு வெளியே ஒட்டிவையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. எம்ஆர்ஐ அறைக்குப் போகுமுன் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
மூன்றாவது உணரி வைத்ததும் திசைக் குழப்பம் தீர்ந்தது. கட்டளைக்காக நான் பற்களில் குறித்துவைத்த இடங்களை அண்ணன் ஒதுக்கிவிட்டார். கன்னத்தின் உட்புறம் போதும் என்கிறார், அதுவே சரியாக வருகிறது. ஆனால் கொட்டாவி விட்டால் இன்னமும் 'வலம்' போகிறது. திரையில் மட்டும்தான் சோதிக்கிறோம், நாக்கின் கட்டளையை மோட்டாரோடு இன்னும் இணைக்கவில்லை.