நல்ல சீட்டோடு தோற்ற பிறகு வரும் கோபத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி:
வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சிறிய தொகைகளுக்கு நோ லிமிட் ஹோல்டம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு; பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை) ஆடி வருகிறேன். எந்தச் சீட்டோடு ஆட்டத்தில் நுழைய வேண்டும் என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது, மனம்தான் வசப்படவில்லை. சென்ற வாரம் இரண்டு ஏஸ்களோடு ஆல் இன் வைத்தேன், அதாவது என்னிடமிருந்த சில்லுகள் அனைத்தையும். எதிராளியிடம் இரண்டு கிங்குகள் இருந்தன. ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, மூன்றாவது கிங் விழுந்தது. அந்தச் சுற்றில் இழந்ததைவிட, அடுத்த அரை மணி நேரத்தில் ஆத்திரத்தோடு ஆடி இழந்ததுதான் அதிகம். தவறு என்று தெரிந்தே கை சில்லுகளை முன்னே தள்ளுகிறது. இதிலிருந்து மீண்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1:
இந்த நிலைக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டில்ட். பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் சாய்த்து உலுக்கினால் அது ஆட்டத்தையே நிறுத்திவிடும். இந்தச் சொல் அங்கிருந்து வந்தது. போக்கர் மேசையோ நம்மை நிறுத்துவதில்லை என்பதால், எப்போது எழுந்துகொள்வது என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆத்திரம் ஏறிய பிறகு எடுக்கும் முடிவு ஆத்திரத்தின் முடிவாகத்தான் இருக்கும். மேசையில் உட்காரக் கொண்டுவந்த தொகையை இரண்டு முறை இழந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

இன்னொன்று, இரண்டு ஏஸ்கள் சராசரியாக 221 சுற்றுகளுக்கு ஒரு முறைதான் வருகின்றன. அவ்வளவு நேரம் காத்திருந்ததாலேயே அந்த வெற்றி நமக்குச் சேர வேண்டியது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் இரண்டு கிங்குகளுக்கு எதிராக அவை வெல்வது 100க்கு ஏறத்தாழ 82 முறைதான். மீதி 18 முறை தோற்பதும் ஆட்டத்தின் இயல்பே. உங்களுக்கு யாரும் அநீதி இழைக்கவில்லை.

பதில் 2:
எல்லை வகுப்பது நல்லதுதான், ஆனால் அது நோயைத் தீர்க்காது, இழப்பின் அளவைக் குறைக்கும், அவ்வளவே. ஆத்திரத்தில் நமக்குக் கணக்கு மறந்துபோவதில்லை; கணக்கை மீறும் உரிமை வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நான்காவது பொதுச் சீட்டான டர்ன் விழுந்த பிறகு, ஃபிளஷுக்கு (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்) ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். நீங்கள் காணாத 46 சீட்டுகளில் 9 மட்டுமே உதவும்; வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நடுவில் 100 சில்லுகள் இருக்க, எதிராளி 50 வைக்கிறார். அதற்கு ஈடாக நீங்களும் 50 வைத்தால் நடுவில் 200 ஆகும்; அதில் கால் பங்கு உங்களுடையது என்பதால் 25 விழுக்காடு வாய்ப்பாவது வேண்டும். ஃபிளஷ் அமைந்த பின் எதிராளியிடமிருந்து மேலும் சில்லுகள் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இல்லையென்றால், சீட்டைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுவதே சரி. அமைதியாக இருக்கும்போது யோசிக்காமலே இதைச் செய்வீர்கள். இழந்ததை மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதே 50 சில்லுகள் அற்பமாகத் தெரியும். இழப்பில் இருப்பவர்கள் துணிச்சலான பந்தயத்தை நாடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்விலேயே விளக்கியிருக்கிறார்கள்.

நான் செய்வது இதுதான்: பெரிய சுற்று ஒவ்வொன்றையும், முடிவில் வென்றவர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, குறித்து வைக்கிறேன். மறுநாள் படிக்கும்போது என் முடிவு சரியா என்பது மட்டுமே கண்ணில் படுகிறது. ஏஸ்களோடு நீங்கள் ஆல் இன் வைத்ததை அப்படி எழுதிப் பாருங்கள். திருத்த ஒன்றும் இருக்காது.

பதில் 3:
தோல்வியை மட்டும் கவனிக்காதீர்கள். தொடர்ந்து நான்கைந்து சுற்றுகள் வென்ற பிறகு பலவீனமான சீட்டுகளோடு நுழைவதும் இதே கட்டுப்பாட்டு இழப்புதான். உற்சாகத்தில் அது வலிப்பதில்லை என்பதால் அதை நான் வெகுகாலம் உணரவே இல்லை. இழந்தால் வாழ்க்கை தடுமாறும் என்ற நிலையிலுள்ள பணத்தோடு உட்கார்ந்தால் எந்தப் பயிற்சியும் பயன் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முடிவை விட்டுவிட்டு எழுதும் வழக்கத்தை இன்றே தொடங்குகிறேன். ஒரு ஐயம்: டோர்னமென்டில் பாதியில் எழுந்து போக முடியாதே?

பதில் 1:
முடியும். இரண்டு மூன்று சுற்றுகளுக்கு இருக்கையை விட்டு நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் முறைக்குரிய பிளைண்டும் ஆன்டியும் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயங்கள்) மட்டுமே போகும். ஆத்திரத்தில் வைக்கும் ஓர் ஆல் இன்னோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய விலை.