கேட்டலோனியா பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

மக்களே, எம்.ஏ. அசைன்மென்ட்டுக்கு பிரிட்டன்ல இருந்து பிரியணும்னு கேட்ட ஸ்காட்லாந்தையும், ஸ்பெயின்ல இருந்து பிரியணும்னு கேட்ட கேட்டலோனியாவையும் எடுத்து வச்சுகிட்டு முழிக்கிறேன். ஸ்காட்லாந்துல 2014ல லண்டனே ஒத்துகிட்டு ஓட்டெடுப்பு நடந்துச்சு, 55 சதவீதம் பேர் பிரிய வேணாம்னுட்டாங்க, அப்போதைக்கு அடங்குச்சு. கேட்டலோனியாவுல ஸ்பெயின் அரசு ஒத்துக்காமயே 2017 அக்டோபர் 1 அன்னிக்கு ஓட்டெடுப்பு வச்சாங்க, ஓட்டு நடந்த ஸ்கூலுக்குள்ள புகுந்து ஓட்டுப்பெட்டிய போலீஸ் தூக்கிட்டு போச்சு, ஓட்டு போட நின்னவங்களுக்கும் அடி, அப்புறம் ஸ்பெயின் அரசியல் சட்டத்தோட 155வது பிரிவ போட்டு அங்க இருந்த அரசையே கலைச்சாங்க, அந்த அரசோட தலைவர் பூஜ்டிமோன் பெல்ஜியத்துக்கு கெளம்பிட்டாரு. (அடிச்சா கோவம் கூடத்தானே செய்யும்?) எனக்கு புரியாதது இதுதான், 'வரி நாங்க நிறைய கட்டுறோம், திரும்பி வர்றது கம்மி'ங்கிற கேட்டலோனியாக்காரங்க கடுப்பு பழசு, ஆனா 2010ல ஸ்பெயின் கோர்ட்டு அவங்க தன்னாட்சி சட்டத்துல கை வச்சதாலயா பிரியறதுக்கு ஆதரவு ஏறுச்சு, இல்ல 2008 பொருளாதார சரிவாலயா? எதை படிக்கலாம்? தமிழ்ல இருந்தா கோடி புண்ணியம். வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்.