மறு: புல்லோட பல்வினஸுக்கு என்ன சொல்? – ‘நிமிர்முட்டு’

எல்லாருக்கும் வணக்கம்,

புல்லுத் தாள்ல கணுகிட்ட இருக்கிற பல்வினஸ் (pulvinus)ங்கிற உறுப்புக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு குழுவுல பேச்சு நடக்குது, ‘கணுவீக்கம்’னு ஒரு சொல் வந்துச்சு, அக்கா ஒருத்தர் ‘நிமிர்கணு’ன்னாங்க. தயவுசெஞ்சு ‘கணுவீக்கம்’ மட்டும் வேண்டாம். வீக்கம்னாலே நம்ம காதுல நோய்னுதான் விழுது. கோதுமைத் தாள்ல கணுகிட்ட தடிச்சுத் தெரியுற அந்த வளையம் நோய் இல்லயே, காத்து மழையில சாஞ்ச தாளைத் திரும்ப நிமித்துற உறுப்பே அதுதான்.

அக்கா சொன்ன ‘நிமிர்கணு’ எனக்கு ரொம்பப் பிடிச்சுது, வினைத்தொகையா அழகா நிக்குது, ஆனா கோதுமை, பார்லி, ஓட்ஸ்ல அது கணுவே இல்ல, கணுவை ஒட்டி மேல, தாளைச் சுத்திப் பிடிச்சிருக்கிற இலையுறையோட அடிப்பாகம். மக்காச்சோளத்துலன்னா உறையிலயும் இருக்கு, தண்டுலயும் தனியா இருக்கு. இந்த ரெண்டையும் பிரிச்சு விரிவா எழுதினவங்கள்ல முக்கியமானவர் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில தாவரவியல் பேராசிரியரா இருந்த பி. தயானந்தன், 1977ல தாவரவியலாளர் பீட்டர் காஃப்மனோட சேர்ந்து எழுதினது. நம்ம ஊர்க்காரர் இவ்வளவு உழைச்ச விஷயத்துக்கு நம்ம மொழியில ஒரு சொல் இல்லாம இருக்கிறது எனக்கு உறுத்துது.

அது வேலை செய்யுற விதத்தைப் பாருங்க. தாள் நேரா நிக்கிறப்ப அந்த வளையம் வளராம சும்மா இருக்கும். சாஞ்சதும், தண்ணியும் சத்தும் கடத்துற குழாய்க்கட்டுகளை ஒட்டின செல்கள்ல இருக்கிற மாவுமணிகள் சில நிமிஷத்துல புதுசா கீழ்ப்பக்கம் ஆன சுவர்ல போய்ப் படியும், அதுதான் ‘கீழே எது’ங்கிற சேதி. அப்புறம் ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பாதியில கூடும், அங்க இருக்கிற செல்கள் நீளும், மேல்பாதி கிட்டத்தட்ட நீளவே நீளாது, அதனால தாள் மேல் நோக்கி வளையும். புதுசா செல் பிரியுறது இல்ல, இருக்கிற செல்தான் நீளுது. தாளை வெட்டி அந்தத் துண்டை மட்டும் படுக்க வெச்சாலும் வளையும்!

தொட்டாச்சிணுங்கி காம்படியில இருக்கிறதுக்கும் இதே பல்வினஸ்ங்கிற பேர்தான், லத்தீன்ல திண்டுன்னு அர்த்தம். ஆனா அது தண்ணி ஏறி இறங்குற வேலை, மடங்கும், திரும்ப விரியும். புல்லுல நடக்கிறது வளர்ச்சி, நீண்ட செல் திரும்பச் சுருங்காது. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா படிக்கிற பிள்ளைங்க கண்டிப்பா குழம்புவாங்க, லத்தீன்ல விட்ட இடத்தை நாமளாவது சரியா பிடிக்கலாமே.

அதனால என் முன்மொழிவு: பொதுவா ‘முட்டு’. எங்க பக்கம் முழங்காலை முட்டுன்னுதான் சொல்வோம், வாழை சாஞ்சா முட்டுக் கொடுக்கிறோம், மடங்குற இடமும் தாங்குற வேலையும் ஒரே சொல்லுக்குள்ள வந்துடுது. தொட்டாச்சிணுங்கிக்கு ‘மடங்குமுட்டு’, புல்லுக்கு ‘நிமிர்முட்டு’, அக்காவோட ‘நிமிர்’ அப்படியே இருக்கு. வாக்கியத்துல வெச்சுப் பார்த்தேன்: “சாய்ந்த ஓட்ஸ் தாளில் நிமிர்முட்டின் கீழ்ப்பாதி நீள்கிறது.” நாக்குல இடறலை.

கீழே படியுற அந்த மாவுமணிக்கு (statolith) சொல்ற ‘நிலைக்கல்’ பத்தி ஒரு வார்த்தை. அது கல்லும் இல்ல, நிலையா நிக்கிறதும் இல்ல, படியுறதுதான் அதோட வேலையே, ‘படிமணி’ன்னு வெச்சுக்கலாம். புவியீர்ப்புக்கு ஏத்தபடி செடி வளையுறதுக்கு இங்க புவிநாட்டம், இலங்கையில புவித்திருப்பம், ரெண்டும் இருக்கட்டும், அதுல சண்டை வேண்டாம்.

எனக்கு இன்னும் தீராதது மக்காச்சோளம்தான். ‘உறை நிமிர்முட்டு’, ‘தண்டு நிமிர்முட்டு’ன்னு பிரிச்சா நீளுது. ‘உறைமுட்டு’, ‘தண்டுமுட்டு’ன்னு சுருக்கினா நிமிர்ங்கிறது போயிடுது. எது பரவாயில்லைன்னு சொல்லுங்க.